தவிட்டுப் புளிப்பு

குண்டூர் நாட்டுக் கருப்பண்ணன் சாராயம் காய்ச்சியவர் என்றுதான் கொல்லிமலையில் இன்றைக்கும் பேச்சு. அந்த மனுஷர் தம் ஆயுளில் ஒரு சொட்டுச் சாராயம் காய்ச்சியதில்லை. காய்ச்சச் சொன்னால் எந்தப் பானையை எதன் மேல் வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தவிட்டைப் புளிக்க வைப்பது ஒன்றுதான். அதை அத்தனை நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் வினையாகப் போயிற்று.

மலையில் அவருக்குச் சரிவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விளைந்தால் சோறு, விளையாவிட்டால் காட்டுக்கிழங்கு. மனைவி பாப்பாத்தி, ஒரே மகள் மயிலம்மாள். ஜெர்மன் சண்டை ஆரம்பித்த மறு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மகளைப் பக்கத்து ஊர்க் காளியண்ணன் மகனுக்குப் பேசி முடித்து, தை மாசம் கல்யாணம் என்று நாள் குறித்திருந்த நேரம் அது. வீட்டில் ஒன்றுமில்லை. கருப்பண்ணன் காட்டில் கடுக்காய் பொறுக்கி, தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்தார். கடுக்காய் வாங்குகிறவர் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுகிற அர்த்தனாரி முதலாளியின் தோல் ஷாப்.

தோல் என்றால் மலைநாட்டில் சாதாரண விஷயமில்லை. அங்கே பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; செத்த மாட்டின் தோலில் கை வைத்தவனை நாடே கூடி விலக்கி வைத்துவிடும். அப்புறம் அவன் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. அதே தோலை மேளத்தில் இழுத்துக் கட்டி அடித்தால் மட்டும் சாமி இறங்கி வந்து ஆடும். சாமிக்கு ஒட்டாத தீட்டு மனுஷனுக்கு எப்படி ஒட்டுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கருப்பண்ணனும் கேட்டதில்லை. மூட்டையை வாசலிலேயே இறக்கிவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நின்ற இடத்திலிருந்து தொட்டிகள் தெரிந்தன. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊற வைப்பார்கள். மயிர் போய்விடும், சுண்ணாம்பு மட்டும் தோலுக்குள் தங்கிவிடும். அதை எடுக்காமல் பட்டைத் தண்ணீரில் போட்டால் தோல் விறைத்து வெடித்துவிடும். சுண்ணாம்பைக் கொல்லப் புளிப்பு வேண்டும். அதற்காகத்தான் தொட்டிகளில் தவிட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆனால் அது புளிக்கவில்லை, நாறியது. அதில் கிடந்த தோல்களில் அம்மைத் தழும்பு மாதிரி பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கப் போகிற தோல் அது.

“இது புளிப்பு இல்லீங்க, அழுகலு,” என்றார் கருப்பண்ணன், யாரும் கேட்காமலே.

முதலாளி திரும்பிப் பார்த்தார். “உனக்கு என்னப்பா தெரியும்?”

“தவிடுன்னு உமியைக் கொட்டி ஊற வெச்சிருக்கீங்க. மிசின்ல அரைச்சதுங்களா? திங்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது?”

“எது திங்கறதுக்கு? தோலா?”

“இல்லீங்க. புளிப்பு.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை அண்ணாமலையும், முதலாளி சிரித்ததால், சிரித்தார். ஆனால் முதலாளிக்கு வேறு வழியில்லை. அந்த மாசம் மட்டும் பாதித் தோல் திரும்பி வந்திருந்தது. சரி, செய்து காட்டு பார்க்கலாம் என்றார்.

கருப்பண்ணன் மலைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரு வேப்பமரத்தடியில் நாலு பானைகளை வரிசையாக வைத்தார். ஒன்றில் மிசின் தவிடு. இரண்டாவதில் பாப்பாத்தி உரலில் குத்திப் புடைத்த சாமைத் தவிடு. மூன்றாவதில் அதே சாமைத் தவிட்டோடு ஒரு கை கேழ்வரகு மாவும் நெல்லிக்காய் அளவு வெல்லமும். நாலாவதில் வெறும் வெல்லத் தண்ணீர். தன் கலயத்திலிருந்த புளித்த கஞ்சியை நாலுக்கும் ஒவ்வொரு கரண்டி விட்டார். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். மூன்றாம் நாள் மிசின் தவிடு லேசாகப் புளித்து நாற்றமெடுக்க ஆரம்பித்திருந்தது. சாமைத் தவிடு நன்றாகப் புளித்திருந்தது. மூன்றாவது பானை பல் கூசும்படி புளித்தது. வெல்லத் தண்ணீர் மட்டும் நுரை பொங்கி மூக்கில் ஏறியது. அதில் கள் வாசம்.

“வெல்லம் மட்டும் போட்டா இப்படித்தானுங்க, கள்ளா நிக்கும்,” என்று நாலாவது பானையைக் கவிழ்த்துக் கொட்டினார். “தவிடு சோறு மாதிரிங்க. வெல்லம் வெறும் தித்திப்பு. வெறும் தித்திப்பைத் தின்னுட்டு எவன் வேலை செய்வான்? சோறும் வேணும், கொஞ்சம் தித்திப்பும் வேணும்.”

புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதற்குப் பசிக்கும், அதற்குச் சாப்பாட்டில் நல்லது கெட்டது உண்டு என்று அவருக்கே தெரிந்திருந்தது. புளிப்பு மிஞ்சிப்போனால் அது தன் புளிப்பிலேயே சோர்ந்து நின்றுவிடும் என்பதும், தோலிலிருந்து கசியும் சுண்ணாம்பு புளிப்பைத் தின்னத் தின்ன அது மறுபடி ஊறும் என்பதும்கூடப் பத்தே நாளில் பிடிபட்டுவிட்டது. அண்ணாமலையும் அந்த நாலு பானைகளை நின்று பார்த்தவர்தான். என்னத்தைப் பார்த்தாரோ!

வேலைக்குச் சேரும்போது கருப்பண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தோலைத் தொட மாட்டார். தொட்டிகளை ஓடைக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டகையில் வைக்க வேண்டும். புளித்த தண்ணீரைப் பக்குவம் பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. தோலைக் கொண்டுவந்து முக்கி எடுப்பது சின்னான் வேலை. சின்னான் வந்தால் கருப்பண்ணன் வெளியே போய்விடுவார். சின்னான் இருபது வருஷமாகத் தோலில் நின்று முழங்கை வரை பட்டைக்கறை ஏறிய மனிதர். இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார். அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

மலையில் கருப்பண்ணன் சொன்னது, காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு தவிட்டு மண்டியில் வேலை என்று. பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. மாட்டுத் தீவனத்துக்கு என்று சொல்லி ஊர்ப் பெண்களிடம் சாமைத் தவிடு வாங்கி, வாரம் இரண்டு தடவை சுமந்து இறக்கினார். ஐப்பசி முடிகிற வரை தோல் ஒவ்வொன்றும் பட்டாக வந்தது. முதலாளி அவரைக் ‘கருப்பண்ணா’ என்பதை விட்டுக் ‘கவுண்டரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். தைக் கல்யாணத்தை நினைத்துக் கருப்பண்ணனுக்கு முதல் தடவையாக நெஞ்சில் பாரம் குறைந்தது.

கார்த்திகையில் தவிடு நின்றுபோயிற்று. இரண்டாம் போகமும் பொய்த்துவிட, மலையில் பெண்கள் தவிட்டையே சலித்து ரொட்டி தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு கேட்க வாய் வருமா? வெறுங்கையோடு இறங்கி வந்தார். ஷாப்பில் ஆயிரம் தோல் சுண்ணாம்பில் கிடந்தது. நாள் தாண்டினால் அத்தனையும் கூழாகிவிடும். முதலாளி கையைப் பிசைந்தார். அண்ணாமலை ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் எவனோ வெள்ளைக்காரன் எழுதியிருந்தானாம், சர்க்கரைதான் புளிப்பாக மாறுகிறது என்று.

“சர்க்கரைதானே புளிப்பாகுது? அப்ப தவிடு எதுக்கு? வெல்லம் கொட்டிக் கிடக்குது. வெல்லத்தைப் போடு,” என்றார் அண்ணாமலை.

“ஐயா, அந்த நாலாவது பானையை நீங்களும் பாத்தீங்களே. சோறில்லாம அது புளிப்பாகாதுங்க. கள்ளாப் போயிருமுங்க. இருக்கற மிசின் தவிட்டையாவது போட்டு, கொஞ்சம் வெல்லம் போடலாமுங்க. நாள் பிடிக்கும், ஆனா புளிக்கும்.”

“மிசின் தவிடு நாறுதுன்னு சொன்னதே நீதானே? புஸ்தகத்துல பொய்யா எழுதுவான்? மலைக்காரன் வெள்ளைக்காரனுக்கே பாடம் சொல்ல வந்துட்டான்.”

முதலாளி புத்தகத்தின் பக்கம் சாய்ந்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாசம்கூட இல்லை. இந்த வேலையை விட்டுப் போனால் அடுப்பு எரியாது. கருப்பண்ணன் எட்டுத் தொட்டிகளிலும் வெல்லத்தைக் கரைத்தார். தன் கலயத்துக் கஞ்சியை மட்டும் பிரார்த்தனை மாதிரி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றினார். தெரிந்தே செய்தார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். தெரிந்தவன் சொல்வதைத் தெரியாதவன் கேட்க மாட்டான். தெரியாதவன் சொல்வதைத் தெரிந்தவன் வயிற்றுக்காகச் செய்துவிட வேண்டும்!

நாலாம் நாள் காளப்பநாயக்கன்பட்டித் தெருவெல்லாம் கள் வாசம். சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி அப்போது மூன்று வருஷம். அந்த வாசத்துக்காகவே மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்தவர்கள் முதலில் வந்தார்கள். மதுவிலக்குப் போலீஸ் பின்னால் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டகை, எட்டுத் தொட்டி நுரை, நடுவில் ஒரு மலைக்காரர். இன்ஸ்பெக்டருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அர்த்தனாரி முதலாளி அப்போது செய்ததை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. பட்டாள ஒப்பந்தம் போய்விடுமே என்று பயந்தார். அந்தக் கொட்டகையைத் தவிடு போட்டு வைக்க இந்த ஆளுக்கு விட்டிருந்தேன், உள்ளே என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாமலை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். புத்தகம் எங்கே போயிற்றோ!

கோர்ட்டில் விசாரணைக்கு வந்த அன்று சின்னான் தானாகவே வந்து வாசலில் நின்றார். கூலி போய்விடும் என்று தெரிந்துதான் வந்திருந்தார். அங்கே கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த கருப்பண்ணனிடம் குனிந்து காதோடு பேசினார்.

“கவுண்டரே, நான் சாட்சி சொல்றனுங்க. தோலுக்குத்தான் நீங்க ஊற வெச்சீங்க, நான்தான் அதுல தோலை முக்குவேன்னு சொல்றேன். இன்ஸ்பெக்டர் அய்யாவுங்கூட, அப்படிச் சாட்சி இருந்தா கேஸு நிக்காதுன்னுட்டாரு.”

கருப்பண்ணனுக்கு உயிர் வந்தது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டு ஜன்னலுக்கு வெளியே சம்பந்தி காளியண்ணன் நின்றிருந்தார். கூடவே நாட்டுப் பஞ்சாயத்துப் பெரியவர்களான நாட்டார்கள் இரண்டு பேர். சேதி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். உள்ளே கூண்டில் ஏறிச் சொல்வது ஒன்று விடாமல் அங்கே கேட்கும்.

“வேண்டாம் சின்னான். நீ போயிரு.”

“ஏனுங்க?”

“தோலுத் தண்ணியில வேலை செஞ்சேன்னு அவங்க காதுல உழுந்தா என் புள்ளைக்குக் கல்யாணம் இல்லை. சாராயம்னா எங்காளுங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க.”

குனிந்திருந்த சின்னான் நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: “எங்க வேலை ஜெயிலை விடக் கேவலமுங்களா?”

கருப்பண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னைக் காப்பாற்ற வந்த ஒரே ஆளை அவர் அன்றைக்குச் செருப்பால் அடித்தது போல அடித்து அனுப்பினார். எனக்கு அவர் மேல் இரக்கம் உண்டு; இந்த ஓர் இடத்தில் கிடையாது. சின்னான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தொட்டியில் இருந்தது என்ன என்று மாஜிஸ்திரேட் கேட்டார். “சாராய ஊறலுங்க, எசமான்,” என்றார் கருப்பண்ணன், ஜன்னலுக்குக் கேட்கும்படி. ஆறு மாசம் கடுங்காவல்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பாப்பாத்தியின் அண்ணன் தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்தார். காளியண்ணன் பந்தியில் எல்லோரிடமும் சொன்னாராம்: “எஞ் சம்பந்தி ஊறல் போட்டாரு, உள்ள போனாரு. இதுல என்ன குத்தம்? நாட்டுக் கட்டுப்பாடு கெடற மாதிரி ஒண்ணும் பண்ணலியே.” இதைப் பாப்பாத்தி ஒரு தடவை ஜெயிலுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னபோது கருப்பண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கைகளைக் கம்பிக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார்.

காரணம் இதுதான். ஜெயிலில் கைதிகளை வேலைக்குப் பிரித்தபோது, அவர் பிடிபட்ட இடம் தோல் ஷாப் என்று காகிதத்தில் இருந்தது. அந்த ஜெயிலில் செருப்புத் தைக்கிற பட்டறை உண்டு, தோல் பதனிடும் தொட்டி உண்டு. பழக்கப்பட்ட ஆள் என்று அங்கே தள்ளிவிட்டார்கள். மாட்டேன் என்று இரண்டு நாள் நின்றார். கஞ்சியை நிறுத்தினார்கள், கையைத் தலைக்கு மேல் கட்டி நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் கையை முழங்கை வரை தோல் தொட்டியில் விட்டார். அங்கேயும் தொட்டியில் உமிதான் நாறிக்கொண்டிருந்தது. கருப்பண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாசத்துக்கு மேல் தினமும் தோலைத் தூக்கினார், சுரண்டினார், மிதித்தார்.

ஆனி மாசம் மலை ஏறினார். ஊரே எதிர்கொண்டு வந்தது. “எங்களுக்கு ஒரு சொம்பு ஒதுக்கி வெச்சிருக்கப்படாதா?” என்று கேலி செய்தார்கள். நாட்டார்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். காத்ததெல்லாம் காத்தபடி இருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரியுமே! யார் வீட்டிலும் கை நனைக்க மறுத்தார். சாம்பலும் மண்ணும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. மகள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றார். மறு தடவை காய்ச்சல் என்றார். ஜெயிலுக்குப் போய் வந்ததில் புத்தி கலங்கிவிட்டது என்று பாப்பாத்தி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். அவளிடமும் சொல்லவில்லை. ஊர் விலக்கி வைத்தால் ஊரை விட்டுப் போய்விடலாம். தீட்டை உள்ளுக்குள் நம்புகிறவனை எப்படி விடுவிப்பது?

மறு வருஷம் மயிலம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. காளியண்ணனும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனை என்ற சடங்கு உண்டு. வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். காளியண்ணன் தேன் கிண்ணத்தைத் தம் கையாலேயே எடுத்து நீட்டினார்.

“அப்புச்சிதான் சேனை வெக்கோணும். ஜெயிலுக்குப் போயும் நாட்டுக் கட்டுப்பாட்டை உட்டுக் குடுக்காத கை. வெய்யுங்க சம்பந்தி.”

கருப்பண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார், குழந்தையின் வாயைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்னால ஆகாதுங்க. வேற ஆரையாச்சும் வெக்கச் சொல்லுங்க.”

காளியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, எங்க ரத்தம் உங்களுக்கு எளப்பமாப் போச்சுங்களா? எங்க ஊட்டுச் சோறு வேண்டாம்னீங்க, பொறுத்துக்கிட்டோம். பச்சைக் கொழந்தை என்னங்க பண்ணுச்சு?”

பாயில் படுத்திருந்த மயிலம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். “அப்பா, எம்புள்ள வாய்ல வெக்க உன் கை கூசுதா?”

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளின் கோபம் அந்தக் கணமே தணிந்துவிடும். ஆனால் அதே வார்த்தையில் மகளும், இன்னும் கண் திறக்காத பேத்தியும் நாட்டுக்கு ஆகாதவர்களாகிவிடுவார்கள். கருப்பண்ணன் வாசலைத் தாண்டிக் காட்டுப்பக்கம் நடந்தார். சேனையைக் காளியண்ணன் சம்சாரம் வைத்தாள். தீட்டுக் கழிந்ததும் கழியாததுமாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மயிலம்மாள் அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாப்பாத்தி மட்டும் திருவிழாவில் எங்காவது மகளைப் பார்த்து அழுதுவிட்டு வருவாள்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு சந்தை நாளில் கருப்பண்ணன் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். சிரித்தால் பாப்பாத்தி மாதிரியே இருந்தது. அந்தக் குழந்தை, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கிழவரைப் பார்த்து நின்றுவிட்டது.

“ஆரும்மா அது?”

“ஆரோ, கண்ணு. நட,” என்றாள் மயிலம்மாள்.